சம்பளம் நியாயமா என்று கேட்கும்போது நாம் எதைக் கேட்கிறோம்?

2025 பிப்ரவரி 1ஆம் தேதி மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 ரிங்கிட்டிலிருந்து 1,700 ரிங்கிட்டுக்கு உயர்ந்தது. ஐந்து பேருக்கும் குறைவாக ஆள் வைத்திருக்கும் சிறு முதலாளிகளுக்கு ஆகஸ்ட் 1 வரை அவகாசம் கிடைத்தது. அந்த மாதங்களில் கோலாலம்பூரில் தமிழர்கள் நாலு பேர் கூடிய இடமெல்லாம் இதே பேச்சுதான். பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையிலும் கோயில் மண்டப வாசலிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் வாக்குவாதம் ஏறக்குறைய ஒரே மாதிரி நடந்தது.

"இவ்வளவு கொடுத்தா கடையச் சாத்த வேண்டியதுதான்" என்பார் ஒருவர். "இத வச்சு கேஎல்ல ஒரு மாசம் ஓட்டிப் பாருங்க" என்பார் இன்னொருவர். "சம்பளம் பேசித்தானே வேலைக்கு வந்தான்?" என்று மூன்றாமவர் கேட்பார். "பத்து வருசமா இருக்கிற எனக்கும் நேத்து வந்தவனுக்கும் ஒரே சம்பளமா?" என்று நான்காமவர் மனம் வெதும்புவார்.

நால்வரும் நியாயத்தைத்தான் பேசுகிறார்கள். ஆனால் நாலு வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்கள். முதலாமவர் பார்ப்பது விளைவு, இரண்டாமவர் பார்ப்பது தேவை, மூன்றாமவர் பார்ப்பது சம்மதம், நான்காமவர் பார்ப்பது தகுதி. இவற்றைப் பிரிக்காமல் பேசும்வரை யாரும் யாரையும் மறுத்ததாக ஆகாது, குரல் மட்டுமே உயரும். சம்பளத்தை நம்பி வாழும் சமூகம் நம்முடையது. அதனால் இந்தக் கேள்விகளை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளாமல் நிதானமாகப் பார்ப்பது அவசியம் என்று நினைக்கிறேன்.

முறுக்கு விற்ற பணம்

கோலாலம்பூரின் செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீடு, தீபாவளிக்கு முந்திய வாரம். நான்கு பெண்கள் சேர்ந்து முறுக்கு சுட்டு விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். செலவு போக 1,200 வெள்ளி (ரிங்கிட்) மிஞ்சுகிறது. இதை எப்படிப் பிரிப்பது?

கைப்பக்குவம் பாட்டியுடையது. அவர் வந்து மாவைப் பார்த்து, உப்பும் ஓமமும் சொல்லிவிட்டு இரண்டு மணி நேரத்தில் போய்விடுவார். ஆனால் அவர் இல்லாவிட்டால் அந்த முறுக்கை யாரும் தேடி வரமாட்டார்கள். மூத்த மருமகள் நாள் முழுக்க அடுப்படியில் நின்று பிழிந்தவர். பக்கத்து வீட்டு அக்கா பிழிந்தது பாதி நாள்தான், ஆனால் தனியாளாக மூன்று பிள்ளைகளை வளர்ப்பவர். நான்காவது, கல்லூரிக்குப் போகும் ஒரு பெண். "ஒரு நாளைக்கு 60 வெள்ளி தருகிறோம்" என்றதும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தவள்.

சமமாகப் பிரித்தால் பாட்டிக்கும் மருமகளுக்கும் மனத்தாங்கல். உழைத்த நேரத்தைக் கணக்கிட்டால் பாட்டிக்கு மிகக் குறைவு. தேவையைப் பார்த்தால் அக்காவுக்குக் கூடுதலாகப் போக வேண்டும். கல்லூரிப் பெண்ணுக்குப் பேசியதைக் கொடுத்தால் போதும் என்று தோன்றும். முறுக்கு எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்கு விற்றிருந்தால் அப்போதும் அது போதுமா?

எந்தப் பதிலும் முட்டாள்தனமானது கிடையாது. ஒவ்வொன்றின் பின்னாலும் நியாயத்தின் ஒரு பக்கம் இருக்கிறது. பெரிய நிறுவனத்தின் சம்பளப் பட்டியலிலும் இதே கேள்விகள்தான் இருக்கின்றன. அங்கே ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை என்பதால் கண்ணில் படுவதில்லை.

தத்துவ ஆசிரியருக்கு இதில் என்ன வேலை?

சம்பளம் கணக்காளரின் விஷயம், பொருளாதார நிபுணரின் விஷயம், தத்துவம் படித்தவர்களுக்கு இங்கே என்ன வேலை என்று பலர் நினைக்கிறார்கள். சம்பளம் எவ்வளவு இருக்கிறது, ஏன் அப்படி இருக்கிறது என்பதை அந்த நிபுணர்கள் சொல்வார்கள். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வியைத் தொழில், வியாபாரம், வேலையிடம் ஆகியவற்றுக்குள் வைத்து ஆராயும் துறைக்கு வணிக அறவியல் என்று பெயர். அமெரிக்காவில் இது 1970களிலும் 80களிலும் தனித்துறையாக வளர்ந்தது. ஒழுக்கத் தத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்றவர்கள் வணிகக் கல்லூரிகளில் ஆசிரியராகச் சேர்ந்து, கணக்கியலும் சந்தைப்படுத்தலும் படிக்க வந்த மாணவர்களுக்குப் பாடம் நடத்தத் தொடங்கினார்கள்.

அப்படி ஒருவர் ஜெஃப்ரி மொரியார்ட்டி. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பென்ட்லி பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியர். கணக்கியல் பள்ளியாக 1917இல் ஆரம்பித்த இடம் அது. பெரிய நிறுவனங்களின் தலைமை நிர்வாகிகள் வாங்கும் சம்பளம் நியாயமா என்று 2005இல் ஒரு கட்டுரையில் அவர் கேட்டார். "அநியாயம்!" என்று கத்திவிட்டு நிறுத்தவில்லை. ஒரு சம்பளத்தை எந்தெந்த வழிகளில் நியாயப்படுத்த முடியும் என்று முதலில் பிரித்துக்கொண்டார். இரு தரப்பும் ஒப்புக்கொண்டது என்பது ஒரு வழி. வேலைக்குத் தகுந்தது என்பது இன்னொரு வழி. நல்ல பலன் தருகிறது என்பது மூன்றாவது. பிறகு ஒவ்வொன்றாகச் சோதித்தார். அவருடைய முடிவைப் பிறகு பார்ப்போம். இப்போதைக்கு அவர் பிரித்துக்கொண்ட விதம் நமக்கு உதவும்.

"ஒப்புக்கொண்டுதானே வந்தாய்?"

நம்மிடையே அதிகம் கேட்கும் வாதமும் இதுதான், அதிகம் தவறாகப் பயன்படும் வாதமும் இதுதான்.

இதன் பலத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். என் உழைப்பு என்னுடையது. அதை எவ்வளவுக்குத் தருவேன் என்று முடிவு செய்யும் உரிமையும் என்னுடையது. என் சம்மதத்தை யாரும் மதிக்காவிட்டால் அங்கே நியாயத்துக்கு இடமே இல்லை.

ஆனால் எப்படிப்பட்ட சம்மதம்? ஏமாற்றி வாங்கிய சம்மதம் செல்லாது, மிரட்டி வாங்கியதும் செல்லாது. இதுவரை எல்லாரும் ஒத்துப்போவார்கள். 'மாட்டேன்' என்று சொல்லிவிட்டுப் போக உண்மையில் ஒரு வழி இருந்ததா என்ற கேள்வியில்தான் தத்துவவாதிகள் பிரிகிறார்கள். அமெரிக்கத் தத்துவவாதி ராபர்ட் நோசிக் 1974இல் வாதிட்டது இது: மற்றவர்கள் தங்கள் உரிமைக்கு உட்பட்டு நடந்திருந்தால், எனக்குக் கிடைத்த வழிகள் குறைவு என்பதற்காக என் சம்மதம் பொய்யாகிவிடாது. வேறு கதியின்றி எடுத்த வேலையும் நானாக எடுத்ததுதான்.

எனக்கு இது போதாது. 1776லேயே ஆடம் ஸ்மித் இதன் மறுபக்கத்தைப் பார்த்துவிட்டார். சந்தையின் பெருமையைப் பாடியவர் என்றே அவரை நினைக்கிறோம், ஆனால் அவர் சுட்டிக்காட்டியது இது. முதலாளியும் தொழிலாளியும் முறைத்துக்கொண்டால் ஒரு வேலையாளும் இல்லாமல் முதலாளி ஒரு வருடம்கூட தாக்குப்பிடிப்பார். தொழிலாளிகளில் பலரால் வேலையின்றி ஒரு வாரம்கூட ஓட்ட முடியாது. இந்த ஏற்றத்தாழ்வுக்குப் பேரவலிமை என்று பெயர் வைத்துக்கொள்வோம். பேச்சு முறிந்தால் யார் அதிக நாள் தாங்குவார் என்பதுதான் அது.

பேரவலிமை ஒரே பக்கம் குவிவதற்கு நம் ரப்பர் தோட்டங்களைவிட நல்ல உதாரணம் கிடையாது. வேலை தோட்டத்தில், குடியிருக்கும் லயம் (வரிசை வீடு) தோட்டத்துடையது, பிள்ளை படிக்கும் பள்ளியும் அங்கேதான். சம்பளம் பிடிக்கவில்லை என்று வேலையை விட்டால் வீடும் கூடவே போகும். வேலை தருவதற்கு ஒருவரே இருக்கும் இத்தகைய நிலைக்கு 1933இல் ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் ஜோன் ராபின்சன் ஒரு பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். தமிழில் ஒற்றை முதலாளிச் சந்தை எனலாம். அங்கே சம்பளம் உழைப்பின் மதிப்புக்குக் கீழே இறங்க முடியும், ஏனென்றால் போட்டிக்கு வந்து கூடுதலாகக் கொடுக்க யாரும் இல்லை. "சந்தை விலையைத்தானே கொடுக்கிறேன்" என்ற பேச்சு இந்த இடத்தில் எடுபடாது.

தோட்டக் காலம் முடிந்துவிட்டது என்று விட்டுவிட வேண்டாம். தமிழ்நாட்டில் கடன் வாங்கி, ஏஜெண்டுக்குக் கொடுத்துவிட்டு, கேஎல் உணவகம் ஒன்றில் வேலைக்கு வரும் தம்பியை நினைத்துப் பாருங்கள். அவருடைய வேலை பெர்மிட் ஒரு முதலாளியின் பெயரில்தான் இருக்கும். அடுத்த தெரு உணவகம் 300 வெள்ளி கூடுதலாகத் தருகிறேன் என்றாலும் அவர் நினைத்தபடி போய்ச் சேர முடியாது. அடுத்தவர் கடப்பிதழை (பாஸ்போர்ட்) முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது 1966ஆம் ஆண்டு கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். ஆனால் பெர்மிட்டின் கட்டு சட்டத்தின் உள்ளேயே இருக்கிறது. அவர் போட்ட கையெழுத்து உண்மையானதுதான். அந்தக் கையெழுத்தை மட்டும் காட்டி அந்தச் சம்பளம் நியாயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சுருக்கமாக: சம்மதம் வேண்டும், ஆனால் அதன் எடை பேரவலிமையைப் பொறுத்தது. வேறு வேலைக்குப் போக வழி உள்ளவரின் சம்மதம் நிறையச் சொல்லும். வழியில்லாதவரின் சம்மதம் கொஞ்சம்தான் சொல்லும்.

உழைப்புக்கா, கிடைத்த பாலுக்கா?

அடுத்தது தகுதி. ஒருவர் செய்த வேலையின் பேரில் அவருக்குச் சேர வேண்டியது என்பது இதன் பொருள். இது மிகப் பழைய எண்ணம். பங்கு தகுதிக்கு ஏற்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்று அரிஸ்டாட்டில் சொன்னார். எது தகுதி என்பதில்தான் சண்டை வருகிறது என்பதையும் அவரே சொல்லிவிட்டார்.

இரண்டு அளவுகோல்கள் இங்கே மோதும். போட்ட உழைப்பை அளப்பதா? விளைந்த பலனை அளப்பதா? பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டியவர்களைக் கேட்டால் இந்த வேறுபாடு உடனே புரியும். விடியுமுன் எழுந்து இரண்டு பெண்கள் ஆளுக்கொரு நிரை எடுக்கிறார்கள். ஒருத்தியின் நிரையில் நல்ல பால் தரும் வயதில் மரங்கள், இன்னொருத்திக்குக் கிழட்டு மரங்கள். உழைப்பு ஒன்றுதான். எடைக்குக் கூலி என்றால் கூலி மட்டும் வேறாகிவிடும். மழை வந்தால் வெட்டே இல்லை, கூலியும் இல்லை. உலகச் சந்தையில் ரப்பர் விலை இறங்கினால் அதன் அடியும் அவர்கள்மேல். மரத்தின் வயதுக்கும் மழைக்கும் லண்டன் விலைக்கும் அந்தப் பெண் எப்படிப் பொறுப்பாவாள்? மாதச் சம்பளம் வேண்டும் என்று தோட்டத் தொழிலாளர்கள் நெடுங்காலம் கேட்டதன் உள்ளே இந்தத் தத்துவ வாதம் அப்படியே இருக்கிறது.

இதையே மேலே கொண்டுபோய்ப் பாருங்கள். எண்ணெய்ப்பனை விலை உலகச் சந்தையில் ஏறுகிறது, நிறுவனத்தின் லாபம் கூடுகிறது, தலைமை நிர்வாகியின் போனஸும் கூடுகிறது. அந்த விலையை அவர் ஏற்றினாரா? விலை இறங்கும்போது தொழிலாளி தாங்கிக்கொள்ள வேண்டும், ஏறும்போது நிர்வாகி பரிசு வாங்க வேண்டும் என்றால், அங்கே அளக்கப்படுவது தகுதியாகத் தெரியவில்லை. யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் அளக்கப்படுகிறது.

மொரியார்ட்டியின் முடிவும் இதற்குப் பக்கத்தில்தான். தலைமை நிர்வாகியின் சம்பளத்தை நிர்ணயிக்கும் இயக்குநர்கள் பல நேரம் அவருக்குக் கடமைப்பட்டவர்கள், அதனால் அங்கே நடப்பதை உண்மையான பேரம் என்று சொல்வது கடினம். சாதாரண ஊழியரைவிட அத்தனை மடங்கு பங்களிப்பு அவரிடமிருந்து வருகிறது என்றும் காட்ட முடியவில்லை. அதைவிடக் குறைவாகக் கொடுத்தாலும் அவர் அதே ஊக்கத்துடன் வேலை செய்வார். ஆக மூன்று வழிகளில் எதில் போனாலும் அந்தச் சம்பளம் அதிகம் என்றார். அவரை மறுத்து எழுதியவர்களும் உண்டு. ஆனால் மறுப்பவர்கள் எந்த வழியில் மறுக்கிறார்கள் என்று இப்போது நம்மால் கேட்க முடிகிறது.

பத்து வருட அனுபவக்காரரின் குமுறலை இங்கே விட்டுவிடக் கூடாது. குறைந்தபட்சம் ஏறி, அவர் சம்பளம் அசையாமல் நின்றால், அனுபவத்துக்கு இருந்த இடைவெளி மறைந்துவிடுகிறது. அவர் கேட்பது நியாயம்தான். புதியவருக்குக் கொடுத்தது அதிகம் என்பதற்கு அது ஆதாரமாகாது, பழையவருக்கும் ஏற்ற வேண்டும் என்பதற்கே ஆதாரம். 2024 ஜூனில் அரசாங்கம் சோதனையாகத் தொடங்கிய படிமுறைச் சம்பளத் திட்டம் இந்த இடைவெளியைத் தொடப் பார்க்கிறது. பயிற்சி கொடுத்துச் சம்பளம் உயர்த்தும் முதலாளிக்கு, ஒரு தொழிலாளிக்கு மாதம் 200 அல்லது 300 ரிங்கிட் வரை, 12 மாதங்களுக்கு ஊக்கத்தொகை தருவது அதன் ஏற்பாடு.

கூட்டிக் கொடுத்தால் வேலை போய்விடுமா?

இது விளைவைப் பற்றிய கேள்வி. பலரும் இதற்குப் பதில் முன்கூட்டியே தெரிந்ததுபோலப் பேசுகிறார்கள். விலை ஏறினால் வாங்குபவர் குறைவார், எனவே சம்பளம் ஏறினால் வேலை குறையும் என்பது பாடப்புத்தகக் கணக்கு.

1992இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலருக்கு ஏற்றியது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியா ஏற்றவில்லை. டேவிட் கார்ட், ஆலன் குரூகர் என்ற இருவர் இரு பக்கத்துத் துரித உணவகங்களையும் ஒப்பிட்டு 1994இல் வெளியிட்ட ஆய்வில், நியூ ஜெர்சியில் வேலை குறைந்ததாகத் தெரியவில்லை. அந்த ஆய்வைச் சுற்றி பல வருடம் சர்ச்சை நடந்தது. 2021இல் கார்டுக்கு நோபெல் பரிசு கிடைத்தது. எவ்வளவு ஏற்றினாலும் பாதிப்பு இராது என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஏற்றினாலே கடையை மூட வேண்டும் என்பதும் தானாக உண்மையாகிவிடாது, ஊரையும் தொழிலையும் அளவையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்பதே இதன் பாடம். 1914இல் ஹென்றி ஃபோர்டு தினக்கூலியை ஏறக்குறைய இரட்டிப்பாக்கி 5 டாலர் என்று அறிவித்ததும், ஆட்கள் வந்து வந்து ஓடிப்போகும் செலவு அவருக்குக் குறைந்துபோனதும் இன்னொரு சான்று.

சிறு கடைக்காரரின் பயத்தை நான் லேசாக எண்ணவில்லை. வாடகை, கோழி விலை, எரிவாயு எல்லாம் ஏறிய பிறகு சம்பளமும் ஏறும்போது அவருக்கு மூச்சு முட்டத்தான் செய்யும். ஆனால் அவர் சொல்வது "என்னால் முடியவில்லை" என்பது. அதை "கேட்பது நியாயமில்லை" என்று மாற்றிப் புரிந்துகொள்ளும்போதுதான் பிழை நுழைகிறது. முடியாமைக்கு உதவி வேண்டியிருக்கலாம். தொழிலாளியின் தேவை அதனால் குறைந்துவிடாது.

சட்டம் சொல்லும் தொகையும் வாழத் தேவையான தொகையும்

சட்டப்படி குறைந்தபட்சத்தைக் கொடுத்துவிட்டால் நியாயமான சம்பளம் கொடுத்தாயிற்று என்று பலர் நம்புகிறார்கள். இவை இரண்டு தனித்தனி விஷயங்கள்.

குறைந்தபட்சச் சம்பளம் என்பது இதற்குக் கீழே கொடுத்தால் சட்டமீறல் என்று அரசு போடும் கோடு. மலேசியாவில் தேசிய அளவில் இது 2013 ஜனவரியில்தான் வந்தது: தீபகற்பத்தில் 900 ரிங்கிட், சபா, சரவாக், லாபுவானில் 800. பிறகு படிப்படியாக ஏறி 2022 மே மாதம் 1,500க்கு வந்தது. முதலாளிகள், தொழிற்சங்கங்கள், அரசு என்று பல தரப்பும் உட்கார்ந்து பேசி எட்டும் எண் அது.

வாழ்க்கைச் சம்பளம் வேறு. ஓர் ஊரில் ஒரு குடும்பம் மதிப்புடன் வாழ என்ன தேவை என்று கணக்கிட்டு எட்டும் எண். 2018இல் நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா மலேசியா இப்படி ஒரு கணக்கு போட்டது. சோறு, துணி, வாடகையோடு அவர்கள் நிறுத்தவில்லை. சமூகத்தில் கலந்து பழக முடிவது, தானும் குடும்பமும் முன்னேற வாய்ப்பு இருப்பது, கடும் பண நெருக்கடி இல்லாமல் இருப்பது ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டார்கள். 2016ஆம் ஆண்டு நிலவரப்படி கோலாலம்பூரில் தனியாளுக்கு மாதம் 2,700 ரிங்கிட், பிள்ளையில்லாத தம்பதிக்கு 4,500, இரண்டு பிள்ளைகள் உள்ள தம்பதிக்கு 6,500 என்று மதிப்பிட்டார்கள். அதே 2016 ஜூலையில் தீபகற்பத்தின் குறைந்தபட்சச் சம்பளம் 1,000 ரிங்கிட். இடைவெளி எவ்வளவு என்று நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. 2025இன் 1,700கூட 2016இன் 2,700ஐ எட்டவில்லை.

தேவையைக் கணக்கிடும்போது பட்டியலை யார் எழுதுகிறார் என்பதுதான் உயிர்நாடி. இதை நம் வரலாறு கசப்பாகக் கற்றுக்கொடுத்திருக்கிறது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்துக்குப் பின், இந்தியத் தொழிலாளருக்கு 'நிலையான கூலி' நிர்ணயிக்கும் அதிகாரம் மலாயாவின் இந்தியர் குடியேற்றக் குழுவுக்கு இருந்தது. ஒரு தொழிலாளிக்கு என்ன செலவாகும் என்று பட்டியல் போட்டுத்தான் கூலி குறித்தார்கள். 1920களின் இறுதியில் முக்கியப் பகுதிகளில் ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பொருளாதார மந்தம் வந்ததும் அதையும் வெட்டினார்கள். தேவை என்ற அதே சொல்தான், ஆனால் தொழிலாளிக்கு என்னதான் தேவைப்படும் என்ற எண்ணம் தோட்ட முதலாளிகளும் அதிகாரிகளும் நிறைந்த அறையில் உருவானது. அதனால்தான் இன்று பட்டியலில் பிள்ளையின் டியூஷன் இருக்கிறதா, உறவினர் கல்யாணத்துக்கு மொய் எழுத முடிகிறதா என்பதெல்லாம் அற்பக் கேள்விகள் ஆகமாட்டா.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். தேவை முதலில் வர வேண்டும். முழுநேரம் உழைப்பவர் அந்த உழைப்பால் வாழ முடியவில்லை என்றால், அதற்கு மேலே தகுதியையும் பலனையும் பற்றிப் பேசுவது அடித்தளம் போடாமல் சுவர் எழுப்புவது. அடித்தளத்துக்கு மேலே வித்தியாசங்கள் இருக்கலாம். பாட்டியின் கைப்பக்குவத்துக்கு உரியது அவருக்குப் போகட்டும்.

பக்கத்தில் இருப்பவருக்கு எவ்வளவு?

முதல் நான்கில் அடங்காத ஐந்தாவது கேள்வி ஒன்று உண்டு. சம்பளம் போதுமானதாகவே இருக்கலாம், சம்மதமும் இருக்கலாம். ஆனால் அதே வேலையைச் செய்யும் இன்னொருவருக்கு, அவர் ஆண் என்பதாலோ வேறு இனம் என்பதாலோ கூடுதலாகப் போகிறது என்றால்? 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களின் கோரிக்கைகளில் ஒன்று, சீனத் தொழிலாளருக்குக் கிடைக்கும் கூலி தங்களுக்கும் வேண்டும் என்பது. துரைமார் எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பதும் அதே பட்டியலில் இருந்தது. இரண்டையும் அவர்கள் பக்கத்தில் வைத்ததற்குக் காரணம் உண்டு: சம்பளம் ஒரு மனிதனுக்கு என்ன மதிப்பு என்பதையும் சொல்லிவிடுகிறது. அரசு படையை அனுப்பியது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின, தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

சம மதிப்புள்ள வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் என்னும் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையை மலேசியா 1997இல் ஏற்றது. வேலையிடப் பாகுபாடு பற்றிய புகார்களைத் தொழிலாளர் இலாகா விசாரிக்கலாம் என்ற பிரிவு, 2023 ஜனவரி 1 முதல் வேலைச் சட்டத்தில் இருக்கிறது.

இலாகாவுக்குப் போகக்கூடியதும் போக முடியாததும்

குறைந்தபட்சத்துக்குக் கீழே கொடுத்தால் புகார் செய்யலாம். ஓவர்டைம் பணத்தைத் தர மறுத்தால் செய்யலாம். சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் கைக்கு வராவிட்டாலும் செய்யலாம். வியர்வை உலருமுன் கூலியைக் கொடு என்ற நபிமொழி நம் முஸ்லிம் சகோதரர்கள் எல்லாருக்கும் மனப்பாடம். அது எப்போது கொடுக்க வேண்டும் என்பதைப் பற்றியது, இங்கே சட்டமும் அதன் பக்கம் நிற்கிறது.

ஆனால் "என் அனுபவத்துக்கு இது குறைவு", "பேரம் பேச எனக்கு வழியே இல்லாமல் கையெழுத்துப் போட்டேன்", "லாபம் ஏறியும் எங்களுக்கு ஏறவில்லை" என்பவற்றுக்கு எந்த இலாகாவிலும் முகப்பு கிடையாது. அவற்றைப் பேசும் இடம் தொழிற்சங்கமும் அது முதலாளியுடன் செய்யும் கூட்டு ஒப்பந்தமும்தான். ஒருவராகப் போனால் இல்லாத பேரவலிமை பலர் சேரும்போது வருகிறது. 2024 செப்டம்பர் 15 முதல் நடப்புக்கு வந்த தொழிற்சங்கச் சட்டத் திருத்தம், ஒரே தொழிலையோ துறையையோ சேர்ந்தவர்கள்தான் சங்கம் அமைக்கலாம் என்ற பழைய கட்டுப்பாட்டை நீக்கியிருக்கிறது. ஒரே கட்டடத்தில் வேலை செய்யும் ஜாகாவும் (காவலாளியும்) துப்புரவு அக்காவும் அலுவலக எழுத்தரும் இப்போது ஒரே சங்கத்தில் சேரலாம்.